கையில் கொடுக்காத உப்பு

கெமிஸ்ட்ரி விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு. குழந்தைக்காக வேலையை விட்டு வீட்டில் இருந்த வருடங்களில்கூட அது குறையவில்லை. மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மறுபடி வகுப்பில் நிற்க மனம் துடித்தது. கேட்ட இடத்திலெல்லாம் "கேப் ரொம்ப இருக்கே மேடம்" என்றார்கள். விவேக் நகரில் ஒரு பள்ளி மட்டும் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னது. அந்த வேலை எனக்கு வேண்டும். ஆஸ்டின் டவுனிலிருந்து ஆட்டோவில் போகும்போது வேறெதையும் நினைக்கவில்லை.

தலைமையாசிரியையும் இரண்டு ஆசிரியர்களும் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு முழுக்க ஆங்கிலம். பலகையில் 2Na + Cl₂ → 2NaCl என்று எழுதினேன். குளோரின் தனியாக வராது, ஜோடியாகத்தான் விருந்துக்கு வரும், அதனால் இரண்டு இலை போட்டாகவேண்டும், அந்த இரண்டு இலைதான் இரண்டு சோடியம் என்றேன். ஓர் ஆசிரியர் சிரித்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

சோடியம் தன் எலக்ட்ரான் ஒன்றைக் குளோரினுக்குக் கொடுப்பதைக் காட்ட வேண்டும். கொண்டுபோயிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து, இதுதான் எலக்ட்ரான் என்று சொல்லி, நேராகத் தலைமையாசிரியையின் கையில் வைக்கப் போனேன்.

அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயய்யோ, உப்ப கையில குடுக்காதீங்க மேடம்! சண்ட வரும்!"

ஆங்கிலம் எங்கோ போய்விட்டது. உப்பு தரையில் விழுந்தது. எங்கள் வீட்டிலும் உப்பு ஜாடியைக் கீழே வைத்தால்தான் அடுத்தவர் எடுப்பார். எப்படி மறந்தேன்? வேலை போச்சு என்றே நினைத்தேன். ஆனால் வாய் நிற்கவில்லை.

"நீங்க சொல்றது கரெக்ட்தான் மேடம். சோடியமும் குளோரினும் கை மாத்திக்கும்போது பெரிய சண்டதான், நெருப்பே பறக்கும். தனித்தனியா ரெண்டுமே ஆபத்து. சண்ட ஓஞ்சப்புறம்தான் நம்ம சாம்பார்ல போடற உப்பு. அதுக்கப்புறம் தண்ணியில கரைஞ்சு பிரிஞ்சாலும், குடுத்தத சோடியம் திருப்பிக் கேக்காது."

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. கையை மறுபடி நீட்டினார்.

"சாக்பீஸ குடுங்க. நான் குளோரின். நீங்க மேல நடத்துங்க."

நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன்.

வேலையில் சேர்ந்த அன்று மதியம், ஆசிரியர் அறையில் என் தயிர் சாதத்தில் உப்பு குறைந்திருந்தது. தலைமையாசிரியை தன் உப்பு டப்பாவை மேசை நடுவில் வைத்துவிட்டுக் கையை நன்றாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இப்ப எடுத்துக்கோங்க. உங்கள நான் ரொம்ப வருஷம் இங்க வெச்சுக்கணும்."