கீழறைக்கு ஒரு பிளக் பொயின்ற்

துறைமுகத்து மேட்டில் எங்களுக்குக் கிடைத்த குவாட்டர்ஸ் வெள்ளைக்காரன் கடற்படைக்குக் கட்டியது. மேட்டைக் குடைந்து கீழே ஓர் அறை, சுவர் முழுக்கக் கொங்கிறீட். குண்டு விழுந்தால் பதுங்குவதற்காம். நாங்கள் அதில் விறகும் தேங்காயும் போட்டு வைத்திருந்தோம்.

துறைமுகத்தில் மின்சார வேலை பார்த்த என் கணவருக்கு நெஞ்சு ஏலாமல் போன வருஷம், கச்சான் என்கிற வறண்ட காற்று மேல்வீட்டை அடுப்பாக்கிவிட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். குளிர்ச்சிக்காக அவருடைய கட்டிலைக் கீழறைக்கு இறக்கினேன். குளிர்ச்சி இருந்தது, காற்று இல்லை. மூச்சுக்கு அவர் பட்ட பாட்டைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. வீட்டில் மேசை விசிறி இருந்தது. ஆனால் கீழறையில் ஒரு பல்ப் மட்டும்தான், பிளக் பொயின்ற் கிடையாது.

"பல்ப் ஹோல்டரில இருந்து வயர் எடுத்தால் காணும்தானே? எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்" என்றேன்.

"கப்பலுக்கெல்லாம் வயர் இழுத்தவன்ர வீட்டில அந்த வேலையோ? ஏலாது."

கூட வேலை செய்தவர்களைக் கூப்பிடவும் விடவில்லை. படுக்கையில் கிடக்கிற கோலத்தை அவர்கள் பார்க்கக்கூடாதாம். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. வேறு வழியின்றி உளியையும் சுத்தியலையும் நானே எடுத்தேன்.

மேல்வீட்டில் இருந்து வயர் ஓடுகிற மரச்சட்டத்தைப் பொருத்தச் சுவரில் துளை போட்டு மர ஆப்பு இறுக்க வேண்டும். அந்த ஆப்பில்தான் திருகாணி பிடிக்கும். உளியோ வழுக்கி வழுக்கி ஓடியது. காலை முழுக்க அடித்தால் ஒரு துளை வரும்.

"ஒவ்வொரு அடிக்கும் உளியைத் திருப்பும்" என்று கட்டிலில் இருந்து சொல்வார். "சுவருக்கு நோகாமல் அடிக்கிறீர்."

"அவ்வளவு அவசரமெண்டால் எழும்பி வந்து அடியுங்கோ."

சிரிப்பார். சிரிப்பு இருமலாகும். நான் சுத்தியலைப் போட்டுவிட்டு நெஞ்சைத் தடவ ஓடுவேன். "நீர் வேலையைப் பாரும்" என்று கையைத் தட்டிவிடுவார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இன்றைக்கும் வருகிறது. முதல் நாளே கிடைத்திருக்க வேண்டிய காற்று அது. அவர் கண்ணயர்ந்த நேரங்களில் விசிறியைப் பல்ப் ஹோல்டரில் கொழுவிவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். விழித்துப் பார்க்கும்போது அந்த முகம் எப்படிப் போகும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஒரு வழியாகச் சட்டம் கீழே வந்து சேர்ந்தது. மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு வயர்களைப் பூட்டினேன். எர்த் வயர் தளர்வாக இருக்கிறது என்று திரும்பவும் கழற்றி இறுக்க வைத்தார். பிறகு மெயினைப் போட்டு, விசிறியைக் கொழுவிச் சுவிச்சை அழுத்தினேன்.

சுற்றியது. அவருடைய தலைமயிர் அசைந்தது. நான் வெறுந்தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"நிப்பாட்டும்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ர கையைப் பாருங்கோ, எல்லாம் கொப்புளம். இன்னும் என்ன பிழை கண்டுபிடிச்சீங்கள்?"

"பிழை ஒண்டுமில்லை. வடிவாச் செய்திருக்கிறீர். குளிருது."

என் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அவருடைய காலைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. விசிறியை நிறுத்தினேன். மேலே ஓடிப்போய் வீட்டில் இருந்த போர்வை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தினேன். இன்னும் குளிருது என்றார்.