பெரிய டாக்டரின் இடது கால்

என் அண்ணி யாரையும் முகத்தைப் பார்த்து விசாரிப்பதில்லை. முதலில் காலைத்தான் பார்ப்பாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்குள் வந்ததும் என்னிடம் பேசிய முதல் பேச்சே, பெருவிரல் நகம் சதைக்குள் வளர்கிறது, கவனி என்பதுதான். நாத்தனாருக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். பொது ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் அறையில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்துவருபவள் வேறு எப்படி இருப்பாள்? காய் நறுக்கும்போது அண்ணன் விரலில் கத்தி பட்டால் வீட்டிலேயே உற்சாகமாக எழுந்து வருகிற ஒரே ஆள் அவள்தான்.

நான் மனநல ஆஸ்பத்திரியில் ஸ்டோர் கிளார்க். பஞ்சு, துணி, சோப்பு எதுவும் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. எங்கள் நோயாளிகளுக்குப் புண் வந்தால் பொது ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். அவர்கள் கட்டைக்கூடப் பிரிக்காமல் அதே வண்டியில் திருப்பி அனுப்புவார்கள். பந்தாடியது போதும், இனிமேல் சாதாரணப் புண்களை எங்கள் டாக்டர்களே பார்க்கட்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மூன்று நாள் பயிற்சி. சொல்லிக்கொடுக்க அண்ணி, சாமான் எடுத்துக் கொடுக்க நான்.

அப்போது உண்மையில் அவசரமாக இருந்தது ஒரே ஒரு கால். பத்து வருடமாக எங்களிடம் இருக்கும் ஒரு கொத்தனாருடையது. எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. சர்க்கரை நோயாளி, இடது குதிகாலில் புண். இரண்டு வாரத்துக்குள் சீழும் நாற்றமும் குறையாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று அறுவை டாக்டர் சொல்லியிருந்தார். அவரிடம் காட்டிவிட்டு வந்த மேஸ்திரியோ ஒரு பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, யாரையும் அதைப் பிரிக்க விடவில்லை. கேட்டால், அது அவர் கால் இல்லையாம். எங்கள் ஆஸ்பத்திரித் தலைவரான பெரிய டாக்டர் நம்பிக் கொடுத்து வைத்த காலாம். துணிக்கு வெளியே தெரிவதை யாரும் பார்க்கலாம், தொடலாம், ஆனால் அடுத்தவர் பொருளைப் பிரித்துத் தண்ணீரில் நனைப்பது தப்பு என்பார். நாலு வருடமாக இதே பேச்சு.

முதல் நாள் அண்ணி ஒரு பழைய மெத்தையை வெட்டி, சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகச் சாயம் பூசி, மேலே கட்டுப் போட்டு ஏழு டாக்டர்கள் முன்னால் வைத்தாள். சிவப்பு நல்ல சதை, மஞ்சள் அழுக்கு, கறுப்பு செத்த சதை. கட்டை ஒரு பக்கம் தூக்கிக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டாள். ஒருவர் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கோபம் தெரிகிறது என்றார். இன்னொருவர், கைவிடப்பட்ட உணர்வு என்றார். மூன்றாமவர் மெத்தைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எப்போதிலிருந்து இப்படி என்று கனிவாக விசாரித்தார். பழக்க தோஷம். மத்தியானத்துக்குள் ஏழு பேரும் சேர்ந்து இருபத்தெட்டுப் பக்கம் எழுதிவிட்டார்கள். கட்டை ஒருவரும் பிரிக்கவில்லை. புண்ணுக்கு மருந்து போடச் சொன்னால் புராணம் எழுதுகிறார்களே என்று அண்ணி என்னிடம் பொருமினாள். பெரிய டாக்டர் கடைசி வரிசையில் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தார். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் என்றுதான் மனிதர் இந்தப் படிப்புக்கே வந்தார். ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த ரகசியம் அது.

இரண்டாம் நாள் எல்லோரும் வார்டுக்குப் போனோம். காலுக்கு உடையவர் எழுதிக் கொடுத்தால் கழுவிக்கொள்ளலாம் என்றார் மேஸ்திரி. நியாயம்தானே, கையெழுத்துப் போடுங்கள் என்றாள் அண்ணி. பெரிய டாக்டர் முடியாது என்றுவிட்டார். நோயாளியின் தவறான நம்பிக்கைக்கு ஆமாம் போடக் கூடாது என்பது அவருடைய முப்பது வருடக் கொள்கை. மற்ற ஏழு பேருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். உடனே கூட்டம் போட்டார்கள். இரண்டு தடவை டீ போனது. சாயங்காலம் ஒரு கடிதம் தயாரானது. ‘இக்கால் என்னுடையதல்ல. எனினும் இதைக் கழுவ எனக்கு ஆட்சேபணை இல்லை.’ மேஸ்திரி அதைப் படிக்கச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார்.

“உங்களுது இல்லேன்னா நீங்க ஏன் சார் கையெழுத்துப் போடறீங்க?”

எட்டுப் பேரும் கடிதத்தைத் திரும்ப வாங்கிப் படித்தார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் நான் ஸ்டோர் பக்கம் ஓடினேன். அண்ணி சிரிக்கவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸிலும் அதையே பேசிக்கொண்டு வந்தாள். தான் போன பிறகு அந்தக் காலைப் பார்க்க ஒரு ஆள் இல்லையே என்பதுதான் அவள் கவலை. எனக்கு அப்போதுதான் சிரித்தது வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அண்ணி மேஸ்திரியை ஜன்னல் பக்கம் பார்க்கச் சொன்னாள். அவர் இடது கால் விரல்களைப் பஞ்சால் தடவினாள். பிறகு பேனா முனையால் அழுத்தினாள். அவர் வெளியே பார்த்தபடியே, எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.

“சார், இவருக்கு இந்தக் கால்ல உணர்ச்சியே இல்ல,” என்றாள் அண்ணி பெரிய டாக்டரிடம். “குத்தினாலும் தெரியல. அப்புறம் தன்னோட காலுன்னு எப்படி நம்புவாரு?”

பெரிய டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. மேஸ்திரியின் ஃபைல் தலையணை கனத்துக்கு இருந்தது. அவர் தாயைப் பற்றி நாற்பது பக்கம், கனவுகளைப் பற்றி அறுபது பக்கம். காலைத் தொட்டுப் பார்த்ததாக ஒரு வரி இல்லை. சர்க்கரை முற்றினால் கால் மரத்துப்போகும் என்று பெரிய டாக்டரும் படித்தவர்தான். இருந்தாலும் பழக்கம் விடவில்லை. மேஸ்திரியிடம் திரும்பி, உணர்ச்சி இல்லாததால்தான் உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது என்று விளக்க ஆரம்பித்தார். மேஸ்திரி கடைசிவரை மரியாதையாகக் கேட்டார்.

“கரெக்டுதான் சார். உங்க கால்ல எனக்கு எப்படி உணர்ச்சி இருக்கும்?”

அண்ணிக்குப் பொறுமை போயே போய்விட்டது. தண்ணீர்ப் பேசினைப் பெரிய டாக்டர் காலடியில் டங்கென்று வைத்தாள்.

“காலு யாருதுன்னு அப்புறம் பேசிக்கலாம் சார். அதுக்குக் காலு இருக்கணுமில்ல?”

அவர் கோட்டுப் பையிலிருந்து கைகளை எடுத்தார். பிறகு கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டார். உடையவரே வந்துவிட்டதால் மேஸ்திரி தாராளமாகக் காலை நீட்டினார். துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. இழுக்காதீர்கள், உப்புநீரால் நனைத்துவிட்டுக் காத்திருங்கள் என்றாள் அண்ணி. துணி பிரிந்ததும் கிளம்பிய நாற்றத்தில் ஒரு டாக்டர் வராந்தாவுக்குப் போய்விட்டார். பெரிய டாக்டர் வெளுத்துப் போனார். விழுவதென்றால் அந்தப் பக்கமாக விழச் சொல்லிவிட்டு அண்ணி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் விழவில்லை. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தார். மேஸ்திரி குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

“வலிக்குதா சார்?”

மற்ற டாக்டர்கள் பெரிய டாக்டரையே பார்த்தார்கள்.

“வலிக்குது மேஸ்திரி,” என்றார் பெரிய டாக்டர்.

அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு என்னிடம் பஞ்சும் துணியும் வாங்க வந்தவர் பெரிய டாக்டர்தான். வேறு யாரையும் மேஸ்திரி கட்டைத் தொட விடவில்லை. பொருளுக்குச் சொந்தக்காரர் இருக்கும்போது மற்றவர்களுக்கு என்ன வேலை? மருந்தும் ஊசியும் ஒரு பக்கம் நடந்தது. அண்ணி வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் இறங்கி, எட்டிப் பார்த்து, இரண்டு குறை சொல்லிவிட்டுப் போவாள்.

இரண்டு வாரக் கெடு முடிந்ததும் மேஸ்திரியை அறுவை டாக்டரிடம் அழைத்துப் போனோம். பெரிய டாக்டரும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கட்டைப் பிரித்தால் நாற்றம் இல்லை, ஓரமெல்லாம் சிவப்புச் சதை. அறுவை டாக்டர் அழுத்திப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், எடுக்க வேண்டியதில்லை என்றார். பெரிய டாக்டர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அறுவை டாக்டர் ஒன்றும் புரியாமல் மேஸ்திரியைப் பார்த்தார்.

மேஸ்திரி அவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“ரொம்ப பயந்துட்டாரு சார். அவரு காலாச்சே.”