பர்மாத் தேக்கில் செய்த சோம்பல்

என் மகள் நாலு வயதுவரை அரை ஃபர்லாங்கு தூரம்கூடச் சேர்ந்தாற்போல் நடக்காததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான். அவளுக்கு நோய்நொடி எதுவும் இல்லை. காலில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டரே சொன்னார். அந்தச் சோம்பலை நான்தான் அளவெடுத்து, அறுத்து, இழைத்து, மெருகு போட்டுச் செய்தேன். அதுவும் பர்மாத் தேக்கில் செய்தேன். தேக்கில் செய்தது லேசில் அழியாது என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எங்களுடையது தச்சு வேலைக் குடும்பம். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் காரைக்குடியில் ஒரு மரவாடியில் வேலை பார்த்தேன். குடியிருந்தது கொத்தமங்கலத்தில், ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில். வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருந்தார்கள். கதவு, ஜன்னல்களைப் பார்த்துக்கொள்ள எங்களை அங்கே வைத்திருந்தார்கள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும் வீடு அது. நடுவில் ஐந்து வாசல் நிலைகள். ஒவ்வொரு நிலைப்படியும் முழங்காலில் பாதி உயரம் இருக்கும். ஒரு பிள்ளை ஓடியாடி வளர இதற்கு மேல் இடம் வேண்டியதில்லை. அங்கேதான் நான் என் பிள்ளையை உட்கார வைத்தேன்.

ஒரு வயதில் எல்லாக் குழந்தைகளையும் போல அவளும் நடைவண்டியைப் பிடித்துத்தான் நடந்தாள். மட்ட மரத்தில் அவசரமாகச் செய்த மூன்று சக்கர வண்டி. தள்ளினால் ஒழிய நகராது. தள்ளினால் அதன் சத்தத்தில் தெருவே எழுந்துகொள்ளும். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். அவளுக்கு மூன்று வயது ஆனபோது மரவாடிக்கு ஒரு பழைய வீட்டின் பர்மாத் தேக்குக் கதவு வந்தது. அதில் கொஞ்சம் துண்டு மிஞ்சியது. நல்ல மரம் கைக்குக் கிடைத்தால் எங்கள் ஆட்களுக்குப் புத்தி நிலைகொள்ளாது. நாலு சக்கரம், சாய்மானம், பின்னால் தள்ளுவதற்குக் கைப்பிடி, முன்னால் இழுப்பதற்குக் கயிறு, லாரிப் பட்டறையில் கெஞ்சி வாங்கிய பேரிங்கு எல்லாம் வைத்து ஒரு வண்டி செய்தேன். ஒற்றை விரலால் தள்ளினாலும் ஓடும். ஒரு முழு ஆளைத் தாங்கும் பலம் பிள்ளை உட்காரும் வண்டிக்கு எதற்கு என்று கேட்பீர்கள். பலத்தைக் குறைத்துச் செய்ய எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வண்டி முதல் நிலைப்படியிலேயே முட்டிக்கொண்டு நின்றது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் ஒவ்வொரு நிலைக்கும் முன்னும் பின்னும் சாய்வுப் பலகை செய்து போட்டேன். மொத்தம் பத்துப் பலகை. முன்தெருவிலிருந்து பின்தெருவரை வண்டி தண்ணீர் போல ஓடியது.

சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்துவிடுவார்கள். தள்ளுவதில் அவர்களுக்குள் போட்டி. என் மகள் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, 'இங்குட்டு', 'அங்குட்டு' என்று விரலை மட்டும் நீட்டுவாள். அந்த நாளில் நான் நூலகத்தில் குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து படித்துக்கொண்டிருந்தேன். இந்த வயதுப் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓடிக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வீடு முழுக்க ஒரே ஓட்டம். திருப்தியோடு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். ஓடுகிற பிள்ளைகளில் என்னுடையது இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

கவனித்தது பால்வாடி டீச்சர். மற்றப் பிள்ளைகள் வேப்பமரத்தைச் சுற்றி ஓடும்போது இவள் மரத்தடியில் உட்கார்ந்து, அடுத்து யார் ஓட வேண்டும் என்று சொல்கிறாளாம். "அந்த வேலைக்கு இங்க ஏற்கெனவே நான் ஒருத்தி இருக்கேன்" என்று என் மனைவியிடம் சொல்லி அனுப்பினார்.

என் மனைவி சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. வரும் ஜூனில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடம் கண்மாய்க்கரை வழியாக ஒன்றரை மைல். தெருப் பிள்ளைகள் கூட்டமாக நடந்து போவார்கள். நான் அவர்கள் கிளம்பும் முன்பே சைக்கிளில் எதிர்த்திசையில் போய்விடுவேன். என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். ஜூனில் அவள் கையில் பச்சைப் பிள்ளை இருக்கும். மகள் நடந்தால் பள்ளிக்கூடம். நடக்காவிட்டால் ஒரு வருஷம் வீடு. ஒரு வருஷம் என்று நிறுத்தப்படும் பெண் பிள்ளைக்கு அந்த ஒரு வருஷம் எவ்வளவு நீளும் என்பது என் மனைவிக்குத் தெரியும். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒரு வருஷம் என்று சொல்லித்தான் அவளையும் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்தைப் பார்த்தது, மகளைச் சேர்ப்பது பற்றி விசாரிக்கப் போன அன்றைக்குத்தான்.

"ஜூன் மாசம் அவ நடந்துதான் போகணும்" என்றாள். "வண்டிய நீங்கதான செஞ்சீக, காலையும் நீங்களே செஞ்சு குடுங்க."

செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். நூலகத்தில் உடற்பயிற்சிப் புத்தகம் இரண்டு எடுத்தேன். பின்கட்டுச் சுவரில் தச்சுப் பென்சிலால் கட்டம் போட்டேன். தினம் காலையில் முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாகப் பத்து நடை. ஒரு நடைக்கு ஒரு கோடு. முதல் நாள் எப்படி ஓடுவது என்று நானே ஓடிக் காட்டினேன். மகள் வண்டியில் உட்கார்ந்து கவனமாகப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை ஓடுப்பா" என்றாள்.

ஓடினேன். அவளுக்குப் பன்னிரண்டுவரை எண்ணத் தெரியும். பன்னிரண்டு முடிந்ததும் ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள். ஆகவே எனக்குப் பயிற்சி முடிவதே இல்லை. ஒரு மாதத்தில் சுவரில் முந்நூறுக்கு மேல் கோடு விழுந்தது. அத்தனையும் என் கணக்கு. என் வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது. அவளுக்குக் கவுன் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தது.

வண்டியைப் பரணில் ஏற்றினேன். அது இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து மூன்று நாள் பரணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, கேட்கவுமில்லை. பிடிவாதத்தில் அவள் என் பிள்ளைதான் என்பது உறுதியானது. நாலாம் நாள் நானே இறக்கிக் கொடுத்தேன்.

கடைசியாகத்தான் அந்த யோசனை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பத்துச் சாய்வுப் பலகைகளையும் எடுத்து முன்கட்டில் அடுக்கினேன். இனி வண்டி நிலையைத் தாண்டாது. இறங்கி நடந்தே தீர வேண்டும். மறுநாள் காலை வழக்கம்போல் ஓடிக் காட்டினேன். மெதுவாக, ஒவ்வொரு படியாகத் தாண்டிப் போயிருந்தால் ஒன்றுமில்லை. "இப்படிக் கையை வீசணும்" என்று திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஒரு வருஷமாக என் கால் பலகைக்குப் பழகியிருந்தது. பலகை போய்விட்ட செய்தியைக் காலுக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாவது நிலைப்படியில் விழுந்தேன்.

கண்டரமாணிக்கத்திலிருந்து எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் வந்தார். கணுக்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எப்படி விழுந்தேன் என்று விசாரித்தார். என் மனைவி ஒன்று விடாமல் சொன்னாள். அவர் பச்சிலையை அரைத்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "நாப்பது நாளைக்குக் காலத் தரையில ஊனக்கூடாது" என்றார். பிறகு என் மகளைப் பார்த்து, "அம்மா பாவம்த்தா, இனிமே அப்பாவ நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் எனக்குத் தாகம் எடுத்தது. மனைவி குனிய முடியாத நிலையில் அடுப்படியில் இருந்தாள். மகளிடம் தண்ணீர் கேட்டேன். அவள் வண்டியைப் பார்த்தாள். தள்ளுகிறவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். நிலையில் பலகையும் இல்லை. பிறகு எழுந்து போய், ஒரு செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி இறங்கி வந்தாள். வந்து சேர்ந்தபோது செம்பில் ஒரு வாய்த் தண்ணீர் இருந்தது. அதை நான் குடித்ததும் உள்ளே எட்டிப் பார்த்தாள். காலி. மறுபடி போனாள்.

அன்று அவள் எத்தனை தடவை போனாள் என்று நான் எண்ணவில்லை. வலி. செய்தித்தாள், விசிறி, கண்ணாடி, எண்ணெய்க் கிண்ணம் என்று ஒரு வாரத்தில் எனக்குத் தேவைப்பட்டது, தேவைப்படாதது எல்லாம் வந்து குவிந்தன. பத்தாம் நாள் பார்த்தால், படி ஏறி இறங்குகிறவள் படியைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

கொல்லைப்பக்கம் போவதுதான் எனக்குப் பெரிய சிரமம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் தத்திப் போவேன். ஒருநாள் மத்தியானம் முன்கட்டிலிருந்து ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. என் மகள் சாய்வுப் பலகையை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்து நிலைகளில் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை. பத்தும் சேர சாயங்காலம் ஆகிவிட்டது. பிறகு தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து வண்டியை என் பக்கத்தில் நிறுத்தினாள்.

"ஏறுப்பா."

ஏறினேன். முழங்கால் மோவாயில் இடித்தது. ஏழெட்டுப் பேர் கயிற்றை இழுத்தார்கள். பின்னால் கைப்பிடியை அவள் யாருக்கும் விடவில்லை. தலை கைப்பிடி உயரம்கூட இல்லை. முக்கிக்கொண்டு தள்ளினாள். "காலத் தூக்கிக்கப்பா, நிலை வருது" என்பாள். வண்டி முனகவே இல்லை. ஒரு முழு ஆளின் பலத்துக்கு ஏன் செய்தேன் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

நாற்பது நாள் முடியும்வரை அப்படித்தான். சுவரிலிருந்த கட்டத்தை என் மனைவி எடுத்துக்கொண்டாள். மகள் ஒரு தடவை வீட்டைக் கடந்தால் ஒரு கோடு. பங்குனி பாதியில், "கோடு போடச் சுவத்துல எடம் இல்ல" என்று பென்சிலைத் திருப்பிக் கொடுத்தாள்.

சித்திரையில் மகன் பிறந்தான். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தெருப் பிள்ளைகளோடு நடந்த மகளுக்குப் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். பாதியில் உட்கார்ந்துவிட்டால் ஏற்றிக்கொள்ளலாம் என்றுதான். அவள் உட்காரவில்லை. கண்மாய்க்கரையில் கணுக்கால் விறைத்துக்கொண்டதால் நான் பின்தங்கினேன். மூன்று இடத்தில் அவள் நின்று, திரும்பிப் பார்த்து, நான் வந்து சேரும்வரை மற்றப் பிள்ளைகளையும் நிறுத்திவைத்தாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுகாதைத் தொடச் சொன்னார். தொட்டாள். பெயரை எழுதிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த என் மனைவியிடம், எந்தக் காரியத்துக்கும் திட்டமும் விடாமுயற்சியும் வேண்டும் என்பது பற்றியும், நான் சுவரில் போட்ட கட்டம் பற்றியும் விரிவாகப் பேசினேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொன்னா" என்றாள். "ஒன்னைய யாரு கூட்டிட்டு வந்தான்னு வாத்தியார் இவகிட்டக் கேட்டாராம். 'நான்தான் எங்கப்பாவக் கூட்டிட்டு வந்தேன், அவருக்கு அம்புட்டுத் தூரம் நடக்க வராது'ன்னாளாம்."