வசவு கேட்டால் ஏறும் குதிரை

டிரெய்லரில் குதிரை ஏற்றிப் போவதுதான் அவருடைய தொழில். ஊர் அவருக்கு வைத்த பெயர் நத்தை. குதிரையோடு போனாலும் குடும்பத்தோடு போனாலும் ஒரே வேகம்தான். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். பத்தொன்பது வருடத்தில் எந்தக் குதிரை மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. பொண்டாட்டி மனசில் விழுந்த கீறல்களை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

புறப்படும் நாளன்று ஒரு குதிரையை முதல்முறையாக ஏற்றுவது அவருக்கு ஆகவே ஆகாது. ஒரு வாரம் முன்பே டிரெய்லரைக் கொண்டுபோய் நிறுத்தி, தினமும் ஏற்றி இறக்கிப் பழக்குவார். குதிரையேற்றப் பள்ளி வாத்தியாரம்மாவின் வெள்ளைக் குதிரைக்கும் அப்படித்தான் செய்தார். அதன் இடது கண்ணில் ஒரு கட்டி. இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் மருத்துவர் இன்று நான்கு மணிக்கு அறுவை செய்வதாகச் சொல்லியிருந்தார். இன்று விட்டால் அடுத்த மாதம்தான். அதற்குள் கண் போய்விடும்.

பழக்கிய அந்த வாரம் முழுக்க, டிரெய்லரின் முன்பக்கச் சின்னக் கதவருகே தீவன வாளியோடு நின்றவள் அவர் மனைவி. நின்றாள் என்றால் சும்மாவா நின்றாள்? "டயர்ல காத்து இருக்கான்னு மூணு வாட்டி பாக்குறீங்களே, வீட்ல கேஸ் இருக்கான்னு ஒரு வாட்டி பாத்தீங்களா?" என்று அவரைப் பிடிபிடியென்று பிடிப்பாள். குதிரை மடமடவென்று ஏறிவிடும். "எல்லாம் நம்ம பொறுமைதான்" என்று வாத்தியாரம்மாவிடம் மார்தட்டிக்கொண்டார்.

இன்று அவள் வரவில்லை. வீட்டில் மூன்று நாளாகப் பேச்சுவார்த்தையே கிடையாது. அவள் தங்கை வீட்டு விருந்துக்கு இவர் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அங்கே பாத்திரமே கழுவி முடித்திருந்தார்கள்.

அவர் தனியாகவே எல்லாம் செய்தார். குதிரையின் நான்கு காலுக்கும் பட்டை சுற்றினார். டிரெய்லரின் தரைப்பலகையைக் குதித்துப் பார்த்தார். விளக்குகளைச் சோதித்து, வைக்கோல் பையைத் தொங்கவிட்டார். குதிரை சாய்பலகையில் ஒரு காலை வைத்தது, மோந்தது, பின்னால் போய்விட்டது. கெஞ்சினார், கொஞ்சினார். வாத்தியாரம்மா வாளியைக் குலுக்கிக் குலுக்கிக் கை ஓய்ந்தாள். லாயக்காரர் குச்சியோடு வந்தார், அவரை இவர் விரட்டியடித்தார். மணி ஒன்று.

"அண்ணே, அக்கா ஏன் வரல?" என்றாள் வாத்தியாரம்மா. "அவங்க உங்களைத் திட்டுற சத்தம் கேட்டாத்தானே இது உள்ள போகும்?"

அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் போன் போட்டார்.

பத்து நிமிடத்தில் வந்துவிட்டாள், குதிரையின் கண்ணுக்காக. வாளியை வாங்கிக்கொண்டு கதவருகே நின்றாள். வாயை மட்டும் திறக்கவில்லை. குதிரையும் அவளைப் பார்த்தபடி காத்திருந்தது.

"ஏதாச்சும் திட்டேன்" என்றார் கெஞ்சலாக.

"கேட்டதும் பாடுறதுக்கு நான் என்ன ரேடியோவா?"

குதிரையின் காதுகள் விறைத்தன. ஒரு அடி எடுத்து வைத்து, அப்படியே நின்றுவிட்டது. இன்னும் வேண்டும். மணி ஒன்றரை. அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

"அன்னிக்கி விருந்த ஆறு மணிக்கே மாத்திட்டதா உன் தங்கச்சி மத்தியானமே போன் பண்ணிச் சொன்னா. டிரெய்லருக்கு கிரீஸ் வெச்சுக்கிட்டு இருந்தேனா, உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"சொல்லவே இல்லையேன்னு நான் அவகிட்ட சண்டை போட்டுட்டு வந்தேனே!" என்று ஆரம்பித்தாள் பாருங்கள், லாயமே அதிர்ந்தது. குதிரை விறுவிறுவென்று ஏறி வாளிக்குள் மூக்கை விட்டது. அவர் பக்கவாட்டில் நின்று, குதிரைக்குப் பின்னால் குறுக்குக் கட்டையைப் பூட்டினார். பிறகுதான் கயிறு. முதலில் கயிற்றைக் கட்டினால், குதிரை பின்வாங்கி எல்லாவற்றையும் அறுத்துக்கொள்ளும். நடுவில் அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, 'இன்னும், இன்னும்' என்று கையைக் காட்டினார்.

"இன்னுமா? சொல்றேன், கேளுங்க. மணிக்கொரு தடவை வண்டிய நிறுத்தி, இதுக்குத் தண்ணி வேணுமான்னு பாக்குறீங்க. இத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்து வர்றேன். உனக்கு என்ன வேணும்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருக்கீங்களா?"

சாய்பலகையைத் தூக்கிப் பிடித்தபடி அவர் யோசித்துப் பார்த்தார். கேட்டதாக ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. அவருக்கு வெட்கமாகவும் வருத்தமாகவும் இருந்தது.

அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தினார். குதிரைக்குத் தண்ணீர் காட்டினார். பிறகு சுற்றி வந்து, அவள் பக்கத்து ஜன்னலருகே நின்றார்.

"உனக்கு என்ன வேணும்?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்ப ஒண்ணும் வேணாம், நேரமாச்சு, ஓட்டுங்க. திரும்பி வர்றப்ப ஒரு டீ வாங்கிக் குடுங்க."

மூன்று ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கண் பிழைத்தது. குதிரையை ஒரு வாரம் அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் ஆறு டீக்கடைகள். முதல் கடையில் டீ குடித்தார்கள். இரண்டாவது கடையிலும் நிறுத்தி, உனக்கு என்ன வேணும் என்றார். மூன்றாவதிலும் நிறுத்தியபோது அவள் திட்ட ஆரம்பித்தாள். டிரெய்லர் காலியாக வந்தது. திட்டு முழுவதையும் அவரே கேட்டுக்கொண்டார்.