மேஜை மேல் இருந்த படம்

பொறியியல் பட்டத்தோடு கடல் தாண்டிப் போனவனுக்குக் கிடைத்தது ஓர் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிற வேலை. வீட்டிலோ, பிள்ளை பெரிய ஆபீஸில் இருக்கிறான் என்று ஒரே தம்பட்டம். "உன் ரூமைக் காட்டுடா, அத்தை பாக்கணுமாம்" என்று அம்மா நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் காலை, யாரும் வருமுன் வாளியை ஓரங்கட்டிவிட்டு, மேலாளரின் நாற்காலியில் உட்கார்ந்து வீடியோவில் கூப்பிட்டான். மேஜையைச் சுற்றிக் காட்டியபோதுதான் வந்தது வினை.

"படத்துல யாருடா அது, பொண்டாட்டி புள்ளைங்களோட?" என்றாள் அத்தை.

மேலாளரின் குடும்பப் படத்தைத் திருப்பி வைக்க மறந்திருந்தான்.

"அவனோட மேனேஜர் குடும்பம். இவன்னா அவருக்கு உசுரு" என்று அம்மா முந்திக்கொண்டாள். பிறகு போனோடு அடுப்படிக்குள் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு வர்றதுக்குள்ள எந்திரிச்சிடுப்பா."