தள்ளிவிட வேண்டிய வண்டி

கார்மென்ட்ஸ் கம்பெனியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாமல் அங்கே ஒரு ஊசிகூடக் கீழே விழாது. தைத்து முடித்த சட்டைகள் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாக அவள் மேசைக்குத்தான் வரும். ட்யூப் லைட்டுக்கு அடியில் சட்டையை விரித்து, காலரைத் தூக்கி, கையை உள்பக்கம் திருப்பி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். எங்காவது தையல் தாண்டியிருந்தால் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, அந்த இடத்தைக் காட்டும்படி ஒட்டிவிடுவாள். அம்பு ஒட்டிய சட்டையை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். தைத்தவர் மடிக்கே அது திரும்பப் போகும், அவர்தான் பிரித்துச் சரிசெய்து தரவேண்டும்.

இந்தப் புத்தியைக் கம்பெனி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் அக்கம்பக்கம் பிழைத்திருக்கும். கேஸ் சிலிண்டர் வந்தால் ஆட்டிப் பார்ப்பாள். காய் வாங்கப் போனால் தராசின் வெறுந்தட்டு ஆடி நிற்கும்வரை பையைத் திறக்கமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தால், "காலங்காத்தால சிரிக்கிறா, என்ன வேணுமாம்?" என்பாள். பல் வலிக்குப் போன இடத்தில், பிடுங்கிய பல்லைக் கையில் வாங்கி, அதில் நிஜமாகவே ஓட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

கணவரை மட்டும் விட்டுவைப்பாளா? அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் மாட்டுகிறவர். கல்யாணப் பேச்சு நடந்த காலத்திலேயே அவரைக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, எதிர்க்கடை போர்டைப் படிக்கவைத்தவள் அவள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற மனுஷன், வீட்டில் ஒரு பூதக்கண்ணாடிக்குக் கீழே குடித்தனம் நடத்தினார். அதிகம் பேசமாட்டார். அதுவும் அவளுக்குச் சந்தேகம்தான்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தைத் திருப்பிப் பார்க்காமல் நம்பிவிட்டாள். வீட்டுக்குப் பின்னால், குளியலறைச் சுவரோரம், நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்ற ஸ்கூட்டர்தான் அது.

அவளுடைய வண்டி. ஓவர்டைம் பார்த்து வாங்கியது. ஆறு வருஷத்துக்கு முன்னால், மழையில் வேலை முடிந்து வரும்போது, ஒரு வளைவில் யாரோ வீடு கட்டக் கொட்டிவைத்த மணலில் சறுக்கி விழுந்தாள். தோள் எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் வண்டியை வெளியே எடுத்து உதைத்துப் பார்த்தாள். கிக்கர் கொஞ்சமும் முரண்டு பிடிக்காமல் லொடக்கென்று இறங்கியது. உள்ளே புஸ்ஸென்று காற்றுப் போனது. "இன்ஜின் போச்சு. விழுந்த அடி. இனிமே தேறாது" என்றார் கணவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

வேறு எதுவாக இருந்தாலும் மூன்று மெக்கானிக்கைக் கூப்பிட்டு மூன்று பேரையும் குறுக்கு விசாரணை செய்திருப்பாள். அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளதைச் சொன்னால், கிக்கரில் காலை வைத்தபோதே அந்த மணல் வளைவு அவள் கண்முன்னால் வந்து நின்றுவிட்டது. வண்டி கிளம்பாதது அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவில் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. மறுநாளிலிருந்து தெருமுனைக்கு வரும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓட ஆரம்பித்தாள்.

இந்த வருஷம் அந்தப் பஸ்ஸுக்கு ஆபத்து வந்தது. அடுத்த மாதம் கம்பெனி பைபாஸுக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போகிறது, இந்தப் பக்கத்துக்கு இனிமேல் பஸ் கிடையாது, சொந்த வண்டியில் வர முடிந்தவர்கள் வரலாம், முடியாதவர்கள் வேலையை விட்டு நின்றுகொள்ளலாம் என்று மேனேஜர் மைக்கில் சொல்லிவிட்டார். கணவரின் கடை நேர் எதிர்த்திசை. மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், அதனால் புது வண்டி என்ற பேச்சே எழாது. பழைய ஸ்கூட்டர் ஓடினால் வேலை கையில் நிற்கும், ஓடாவிட்டால் போகும். அந்த மேசையும் விளக்கும் போய்விட்டால் தான் யார் என்று யோசித்துப் பார்த்தாள். சட்டைகளை விட்டுவிட்டால் அப்புறம் தன்னை யார் சட்டை செய்வார்கள்?

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். "நம்ம வண்டியை ரிப்பேர் பண்ண முடியுமான்னு பாப்போமா?"

"எந்த வண்டி?"

"நமக்கென்ன பத்து வண்டியா நிக்குது?"

"அதுவா… அது செத்த வண்டி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதைப் போயி… பேசாம வேலையை விட்டுட்டு கொஞ்சம் ஓய்வா இரேன். உனக்கும் வயசாகுது."

பூதக்கண்ணாடிக்கு மூக்கில் வியர்த்தது. இந்த மனுஷன் ஒரு பொய்க்கு ஒரு தடவை கண்ணாடி துடைப்பார் என்பது அவள் நெடுநாள் கணக்கு. அதற்கப்புறம் கவனித்துக்கொண்டே வந்தாள். மறுநாள் அவர் வாளி எடுக்கப் போகிற சாக்கில் தார்ப்பாயின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். அதற்கடுத்த நாள் பரணில் எதையோ துழாவினார். "என்ன தேடுறீங்க?" என்றதற்கு, "சும்மா" என்றார். சும்மா பரண் ஏறுகிற மனுஷனை அவள் கண்டதில்லை.

இரண்டு நாள் கழித்து, பின்கட்டில் அவர் போனில் பேசியது ஜன்னல் வழியே வந்து விழுந்தது. "ஞாயித்துக்கிழமை அவ அக்கா வீட்டுக்குப் போயிடுவா. அப்பவே தள்ளிடலாம். அவளுக்குத் தெரிய வேணாம், ஆயிரம் கேள்வி கேப்பா."

தள்ளிடலாம்! வந்த விலைக்கு எவன் தலையிலாவது கட்டிவிடுவதற்குத்தானே அந்த வார்த்தை? வண்டியைத் தள்ளிவிட்டால் அவள் வேலைக்குப் போக வழியில்லை, வீட்டோடு கிடப்பாள். அதற்குத்தான் ஓய்வு, வயசு என்று அடிபோட்டிருக்கிறார். என் தலையில் மிளகாய் அரைக்க என் வீட்டுக்குள்ளேயே அம்மி போட்டிருக்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்தால்தான் அவளுக்குத் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா வீட்டுக்கு என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனை திரும்பியதும் மருந்துக் கடைப் பக்கம் ஒதுங்கி, இருமல் மருந்துகளின் விலையை ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தாள். கடைக்காரர் பாவம், ஐந்தாவது பாட்டிலுக்கு வந்தபோது வண்டி வெளியே வந்தது. முன்னால் கணவர் ஹேண்டிலைப் பிடித்திருந்தார், பின்னால் அழுக்குச் சட்டைக்காரன் ஒருவன் தள்ளினான். பழைய இரும்புக்காரன்தான் என்று முடிவுகட்டி, சுவரோரமாகப் பின்தொடர்ந்தாள்.

இரண்டு தெரு தாண்டி ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்தார்கள். அந்த மெக்கானிக்கை அவள் பார்த்ததில்லை, கேள்விப்பட்டிருக்கிறாள். எந்த வண்டியைக் கேட்டாலும் ஒரே பதில் சொல்வதால் எல்லோரும் அவனுக்கு 'நாளைக்கு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஓகோ, பார்ட் பார்ட்டாகப் பிரித்து விற்கிற ஏற்பாடா என்று எண்ணிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கணவர் மட்டும் வெளியே வந்து வீட்டுப் பக்கம் வேகமாக நடந்தார். அவர் தலை மறைந்ததும் அவள் உள்ளே போய் நின்றாள்.

"எவ்வளவுக்குத் தள்ளினாரு?"

அழுக்குச் சட்டைக்காரன் நிமிர்ந்தான். அவன்தான் அந்த 'நாளைக்கு'. முகத்தில் இன்னும் வியர்வை வடிந்தது. "ரெண்டு தெரு தூரம்கா. டயர்ல பொட்டுக் காத்து இல்ல, உயிர் போயிடுச்சு."

"தூரத்தைக் கேக்கலை. என்ன விலைக்குத் தள்ளினாருன்னு கேக்கிறேன்."

"விலையா? ரிப்பேருக்குத்தான்கா தள்ளிட்டு வந்தோம். உங்களுக்குத் தெரியாம ரெடி பண்ணி நிறுத்தணும்னு அண்ணன் சொன்னாரு." நாக்கைக் கடித்துக்கொண்டான். "சொல்லிட்டேனா? நான் சொன்னதா சொல்லாதீங்க."

தள்ளிடலாம் என்றால் தள்ளிக்கொண்டு போகலாம் என்றும்தானே அர்த்தம்! இத்தனை நாள் மனசுக்குள் அந்த மனுஷனைப் போட்டு வறுத்தெடுத்தோமே என்று கூச்சமாகிவிட்டது. இப்படியே திரும்பி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அக்கா வீட்டுக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

அதற்குள் 'நாளைக்கு' குனிந்து இன்ஜின் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டான். "ஒரு வேடிக்கை பாருங்கக்கா. இன்ஜின் போச்சுன்னு நெனச்சுட்டீங்களாமே, இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டிட்டாங்க. அப்புறம் கிக்கர் லொடலொடன்னு போகாம என்ன பண்ணும்? ஆனா கழட்டினது விவரமான ஆளு. உள்ள எண்ணெய் விட்டு, ஓட்டையைத் துணியால அடைச்சிருக்காரு. துருப் பிடிக்கவே இல்ல. கெடுக்கணும்னு பண்ணல, யாரோ காப்பாத்தி வெச்சிருக்காங்க."

துணியை இழுத்து அவள் கையில் கொடுத்தான். எண்ணெயில் ஊறிக் கருத்திருந்தது. ஆனால் விளிம்பைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சள் துணி, ஓரத்தில் வளைவு வளைவாக வெட்டு. அதே மாதிரித் துணி இப்போதும் அவள் பைக்குள் இருந்தது. கண்ணாடி வாங்குகிறவர்களுக்குக் கணவர் கடையில் இலவசமாகக் கொடுப்பது.

சிலிண்டரையும் தராசையும் பல்லையும் சந்தேகப்பட்டவள், பக்கத்தில் படுத்திருந்த ஆளை இந்த ஒன்றில் மட்டும் சந்தேகப்படவே இல்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

கணவர் திரும்பி வந்தார். கையில் ஒரு பழைய கண்ணாடிக் கூடு. அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் கையில் இருந்த துணியையும் பார்த்தார். தன் கண்ணாடியைக் கழற்றப் போனார்.

"துடைக்காதீங்க. கூட்டைத் திறங்க" என்றாள்.

திறந்தார். உள்ளே பஞ்சுக்கு நடுவில் ப்ளக்.

"ஏங்க?"

"ஆஸ்பத்திரியில உன்னை ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போனாங்க. கூப்பிட்டேன், நீ திரும்பிப் பாக்கல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே நீ வண்டி எடுக்கக் கூடாதுன்னு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்கமாட்டேன். சண்டை போட்டிருப்பேன். அது என் வண்டிங்க! ஆறு வருஷமா நான் பஸ்ஸுக்கு ஓடுறதைப் பாத்துக்கிட்டே நின்னீங்களே."

"தப்புதான்" என்றார். கூட்டை மூடினார். "போன வாரம், வேலை போயிடும்னு சொன்ன ராத்திரி, துணி மடிச்சே. ஒரு தையலைக்கூடப் பாக்காம மடிச்சு வெச்சே. எனக்கு ஆஸ்பத்திரியில பட்டதைவிடப் பயமாப் போச்சு. அதான்…" என்றார்.

'நாளைக்கு' இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னக்கா, வண்டியைப் பண்ணணுமா வேணாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. இத்தனை வருஷம் தன்னை ஏமாற்றிய வண்டி, அதை அவர் தயவாகக் கொடுத்துத் தான் வாங்கிக்கொள்வதா? ஆனால் எண்ணெய் ஊறிய அந்தத் துணியை அவளால் கீழே போட முடியவில்லை.

"பண்ணு. எப்பக் கிடைக்கும்?"

"நாளைக்கு."

"அந்தக் கதையெல்லாம் வேணாம். இன்னிக்கு" என்று சொல்லி, கவிழ்ந்து கிடந்த ஆயில் டின்னை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கார்புரேட்டரைக் கழுவியதிலிருந்து டயரில் காற்று அடித்ததுவரை ஒவ்வொன்றையும் பக்கத்திலிருந்து பார்த்தாள். பேட்டரி புதுசுதானா என்று இரண்டு தடவை கேட்டாள். 'நாளைக்கு'வின் வாழ்க்கையில் எடுத்த அன்றே முடிந்த வேலை அது ஒன்றுதான். கணவர் வாசலில் நின்றபடியே இருந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வண்டி உறுமியது. அவள் ஏறி உட்கார்ந்தாள். கால் நடுங்கியது. அவருக்குத் தெரியக் கூடாதே என்று தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

"நீ முன்னால போ. நான் நடந்து வந்துடறேன்" என்றார் அவர்.

"இங்க வாங்க."

வந்தார். பைக்குள் கைவிட்டு ஒரு சிவப்பு அம்பை உரித்து, அவர் சட்டைப் பையின் மேல், நெஞ்சைக் காட்டுகிற மாதிரி ஒட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியும். பிய்த்துப் போடவில்லை.

"ஏறுங்க."

ஏறி உட்கார்ந்து, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அவள் தோளைப் பிடித்தார். முறிந்து கூடிய அதே தோள். வண்டி நகர்ந்ததும் அந்தக் கை நடுங்கியது. அவளுடைய காலைவிட அதிகமாகவே நடுங்கியது. ஆறு வருஷமும் இந்தக் கை இப்படித்தான் நடுங்கியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கோபம் தீரவில்லை. அழுகையும் கூடவே வந்தது.

வளைவு வந்தது. மெதுவாகத் திருப்பினாள்.

"வலிக்குதா?" என்றார், தோளை லேசாக விட்டு.

"வலிக்குது."

"கையை எடுத்துடவா?"

"வேணாம். இருக்கட்டும்" என்றாள்.