ஹேஸ்டிங்ஸுக்குப் புறப்பட்டு ஹரோவில் இறங்கிய கதை

இதை வாசித்தால் லண்டனில் இருக்கும் என் மச்சாளுக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு வந்த கோபம் மூன்று மாதமாகியும் இன்னும் இறங்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு பழைய கடலோர ஊரில் நாலு நாள் அவசரமில்லாமல் இருந்துவிட்டு வரலாம் என்று யோசிக்கிற யாராவது இதைப் படித்துத் தப்பித்துக்கொண்டால் எனக்கு அது போதும்.

ஏன் போனோம் என்று முதலில் சொல்கிறேன். நாங்கள் இருப்பது கனடாவில், மொன்றியலில். நான் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடம் ஒன்றில் இரவு வேலை செய்கிறேன். இவர், அதாவது என் கணவர், ஆற்றுக்கு அங்கால் புரோசார்ட்டில் ஒரு மொத்தக்கடையின் களஞ்சியத்தில் பகல் வேலை. வீடு கார்ட்டியர்வில்லில். நான் காலையில் வந்து கதவைத் திறக்கும்போது அவர் பாலத்தில் வாகன நெரிசலில் நிற்பார். அவர் மாலை ஏழு மணிக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் நான் ஒன்பதுக்கு இறங்க வேண்டும். நடுவில் கிடைக்கிற இரண்டு மணித்தியாலத்தில் சமையல், பில், ஊரிலிருந்து வரும் தொலைபேசி எல்லாம் முடிய வேண்டும். சனி ஞாயிறு இல்லையா என்று கேட்பீர்கள். சனி ஞாயிறில் ஒருவர் விழித்திருக்க மற்றவர் குறட்டை விடுவார். ஒன்பது வருடமாக இதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

மகள் படிக்கவென்று ஒட்டாவாவுக்குப் போனதும் நான் முடிவெடுத்துவிட்டேன். நாலு இரவு, ஒரே அறை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். முதல் இரண்டு நாள் எங்கள் தூக்கம் ஒரு வழிக்கு வருவதற்கு, மிச்சம் இரண்டு நாள் எங்களுக்கு. எனக்கு இருந்த ஆசை இவ்வளவுதான். இதற்கு ஏன் இங்கிலாந்து, இங்கே கியூபெக்கிலேயே கடலோரம் கஸ்பேக்குப் போனால் என்ன என்று வேலையிடத்தில் கேட்டார்கள். கஸ்பேக்குக் கார் ஓட்டுவது இவர். போய் இறங்கியதும் களைப்பில் கட்டிலில் விழுவார், பிறகு நான் கடலைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஹேஸ்டிங்ஸைக் கண்டுபிடித்தது, விமானத்திலிருந்து அழுக்குத் தட்டுகளோடு இறங்கி வந்த ஒரு சஞ்சிகையில். அதிலிருந்த படத்தில் கடற்கரையோரம் கறுப்பு மரத்தால் கட்டிய ஒல்லியான உயரமான வீடுகள் வரிசையாக நின்றன. மீனவர்கள் வலை வைக்கிற கொட்டில்களாம். மேலே குன்றில் இடிந்த கோட்டை. லண்டனில் இருந்து ரயிலில் ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். 2007 செப்டம்பர் நடுப்பகுதியில், பள்ளிக்கூடங்கள் தொடங்கிக் கூட்டம் குறைந்த பிறகு, வியாழன் முதல் திங்கள் வரை பழைய நகரத்தில் ஒரு வீட்டில் அறை பதிவு செய்தேன். காலைச் சாப்பாட்டோடு இரவுக்கு அறுபத்தைந்து பவுண்டு. பவுண்டு அப்போது இரண்டு டொலருக்கும் மேல். அதைப் பார்க்காமல்தான் பதிவு செய்தேன்.

பிழை நடந்தது இவர் அக்காவுக்குச் சொன்னதில். ஹரோவில் இருக்கிறார் அந்த அக்கா, என் மச்சாள். நல்ல மனுசி, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கூடப்பிறந்தவர் இருக்கிற நாட்டுக்குப் போய்க் காசு கொடுத்து வேறிடத்தில் தங்கினால், இரண்டு வீட்டுக்கும் ஏதோ கொழுவல் என்று ஊர் முழுக்கச் சொன்னதுபோலத்தான். அது தெரிந்தும் இவர் போகும் திகதி, வரும் நேரம் எல்லாவற்றையும் ஒப்புவித்திருக்கிறார். அவசரத்துக்குத் தேவைப்படும் என்று அக்கா கேட்டதால் அந்த வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்திருக்கிறார்.

வியாழன் காலை ஹீத்ரோவில் இறங்கி வெளியே வந்தால், மச்சாளும் அவர் கணவரும் வானோடு நிற்கிறார்கள். வர வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லியிருந்தோம். "சும்மா ஒரு நேரம் சாப்பிட்டிட்டுப் போங்கோ, பேந்து ரயில் ஏத்தி விடுறன்" என்றார் மச்சாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் வான் கதவைப் பார்த்தார். பெட்டி ஏற்கனவே உள்ளே போயிருந்தது.

மூக்குமுட்டச் சாப்பிட்டு முடிந்து, நான் கை கழுவிக்கொண்டே ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"என்ன ரயில்?" என்றார் மச்சாள். "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம். நான் அந்த ஹேஸ்டிங்ஸ் வீட்டு மனுசியோட கதைச்சு ரூமைக் கான்சல் பண்ணிப்போட்டன். பாவம், நல்ல மனுசி, கான்சல் பண்ணினதுக்குக் காசும் பிடிக்கேல்லையாம்."

"ஏன் மச்சாள்?"

"ஏனோ? அக்கா வீடு இருக்கேக்க என்ர தம்பி ஆற்றையோ வீட்டில காசு குடுத்துப் படுக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்? கடல் பாக்க வேணுமெண்டால் ஒரு நாளைக்கு எல்லாருமா வான்ல போயிட்டு வருவம்."

எனக்கு உச்சந்தலையில் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அது அவருடைய அக்கா, அவர் சொல்லட்டும் என்று இருந்தேன். இவர் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்து பாயசம் குடித்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "நீர் கொஞ்சம் பொறும். நான் ஆறுதலாச் சொல்லுறன்" என்றார்.

அந்த ஆறுதலை வியாழன் முழுக்கப் பார்த்தேன், வெள்ளி முழுக்கப் பார்த்தேன். ஒன்றரை நாளில் ஆறு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி, ரோல்ஸ், பட்டிஸ், யாரோ ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோ. கண் சொருகி நான் சோபாவில் சாய்ந்தால், "கனடாக்காரிக்கு எங்கட வீடு பிடிக்கேல்லைப் போல" என்று ஒரு பகிடி. இவர் பெரிய அறையில் ஆம்பிளையளோடு அரசியல் கதைத்தார். எனக்கும் இவருக்கும் படுக்கை வெவ்வேறு அறையில், ஏனென்றால் நான் மச்சாளின் மகளோடு படுத்தால்தான் எல்லோருக்கும் இடம் காணும். மொன்றியலில் என்றாலும் ஒரே கட்டில்தான், நேரம்தான் வேறு. இங்கே கட்டிலும் வேறாகப் போனது.

வெள்ளி பின்னேரம் குளியலறைக்குள் நின்று அந்த ஹேஸ்டிங்ஸ் வீட்டுக்காரிக்குத் தொலைபேசி எடுத்தேன். அறை ஒன்று சனிக்கிழமையிலிருந்து இரண்டு இரவுக்கு இருக்கிறது என்றார். எடுத்தேன். வெளியே வந்து இவரிடம் சொன்னேன்: "நான் நாளைக்குக் காலமை போறன். வாறதெண்டால் வாங்கோ."

"நாளைக்கு மத்தியானம் அக்கா எனக்காக நாப்பது பேரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறா. என்னெண்டு வாறது? ஞாயிறு பதினொரு மணிக்கு அங்க நிப்பன்" என்றார் இவர்.

"அப்ப சாப்பிடுங்கோ" என்று சொன்னேன். சனி காலை மச்சாள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஹரோவில் இருந்து போகிறவர்களுக்கு வழி சொல்கிறேன். மெட்ரோபொலிட்டன் பாதையில் பேக்கர் ஸ்ட்ரீட், அங்கே மாறி சேரிங் க்ராஸ், அங்கிருந்து நேரே ஹேஸ்டிங்ஸ் ரயில். எனக்குப் போய்வர இருபது பவுண்டளவு ஆனது. இறங்கிக் கடற்கரையோரமாக இருபது நிமிடம் நடந்தால் பழைய நகரம். டாக்ஸி தேவையில்லை, ஆனால் பெட்டியின் சில்லு நல்லதாக இருக்க வேண்டும், உள்ளே பாதையெல்லாம் கல்லு.

வீட்டுக்காரி கதவைத் திறந்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கணவர் எங்கே என்று கேட்டார். மதியச் சாப்பாட்டில் இருக்கிறார், நாளைக்கு வருவார் என்றேன். "அது நீளமான சாப்பாடுதான்" என்றார். மூன்று நாளில் முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

ஊர் அழகுதான். அழகாக இருந்ததால் எனக்கு இன்னும் வயிறெரிந்தது. மீன்பிடிப் படகுகளைத் துறைமுகத்தில் கட்டுவதில்லை, புல்டோசரால் தள்ளி அப்படியே கல்லுக் கடற்கரையில் ஏற்றி வைக்கிறார்கள். அதன் பக்கத்தில் அந்தக் கறுப்புக் கொட்டில்கள், படத்தில் பார்த்ததைவிட ஒல்லி. குன்றுக்கு ஏற ஒரு சின்ன ரயில்பெட்டி சரிவில் இழுபட்டுப் போகிறது. கிழக்குக் குன்றில் இருப்பது வேலை செய்யவில்லை, மேற்குக் குன்றுக்குத்தான் போகலாம். வீடுகளுக்கு இடையில் ஒருவர் மட்டும் நடக்கக்கூடிய ஒழுங்கைகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். நான் ஒருத்தியாக நடந்ததால் அந்தச் சிக்கல் வரவில்லை. கடலைப் பார்த்துப் போட்டிருந்த வாங்கு ஒன்றில் குந்தியிருந்து மீனும் சிப்ஸும் சாப்பிட்டேன், பாதியைக் கடற்காகம் கொண்டுபோனது. அது தின்றதில்கூடக் கோபம் வந்தது. இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. என் உடம்புக்கு அது வேலை நேரம்.

ஞாயிறு இவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை என்று பாதி வழியில் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றுவார்கள், அதைப் பார்த்துப் புறப்படுங்கள். பதினொன்றுக்கு வர வேண்டியவர் ஒன்றரைக்கு வந்தார், கையில் ஒரு ஐஸ் பெட்டியோடு. உள்ளே மச்சாள் தந்துவிட்ட நண்டுக் கறி, புட்டு, ஒரு போத்தல் ரசம்.

"ரசம் ஏன்?" என்று கேட்டேன்.

இவர் கடலைப் பார்த்தார். "உமக்குக் காய்ச்சல் எண்டு சொல்லித்தான் வந்தனான்."

"எனக்குக் காய்ச்சலோ?"

"வேறை என்னத்தைச் சொல்லுறது?"

நான் கத்தினேன். நடுக் கடற்கரையில், இங்கிலாந்துச் சனம் நாய் கூட்டிக்கொண்டு போகிற இடத்தில், வாய்விட்டுக் கத்தினேன். "ஐம்பது வயசு வருது உங்களுக்கு! மனிசியோட இருக்க வேணும் எண்டு அக்காவிட்டைச் சொல்ல வெக்கமோ? மனிசிக்கு வருத்தம் எண்டால்தான் வரலாமோ?" இவர் ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். நண்டுக் கறி வாசம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து இவருடைய கைத்தொலைபேசி அடித்தது. மச்சாளின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை, பக்கத்தில் நின்ற எனக்கு முழுக்கக் கேட்டது.

"தம்பி, சுகந்திக்குக் காய்ச்சல் எப்பிடி? தெரியாத ஊரில வருத்தக்காரியை வைச்சுக்கொண்டு நீ என்ன செய்வாய்? அத்தான் வான் எடுக்கிறார். பெரியம்மாவும் வாறா, பிள்ளையளும் வருதுகள். ரெண்டு மணித்தியாலத்தில நிப்பம்."

இவர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. இந்த முறை அவர்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் தனியாகவே மொன்றியலுக்குப் போய் இறங்குவேன் என்று மனதுக்குள் சத்தியமாக நினைத்தேன்.

"அக்கா, வர வேண்டாம்" என்றார் இவர். "அவவுக்குக் காய்ச்சல் இல்லை. நான் பொய் சொன்னனான். எனக்கு என்ர மனிசியோட இருக்க வேணும். நாங்கள் ரெண்டுபேரும் சேர்ந்து இருந்து ஒன்பது வருசம்."

மச்சாள் அந்தப் பக்கம் கணவரிடம் வானை நிப்பாட்டச் சொன்னது கேட்டது.

"விசரா" என்றார் மச்சாள். "உதை ஹீத்ரோவிலையே சொல்லியிருந்தால் நானே ஹேஸ்டிங்ஸில கொண்டுவந்து இறக்கியிருப்பனே. நான் என்ன, குறுக்க நிக்கிறவளோ? நண்டைச் சூடாக்கித் தின்னுங்கோ. வை ஃபோனை."

இதைக் கேட்டு நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். என் கோபம் இரண்டு மடங்கானது. ஒரு வசனம்! அந்த ஒரு வசனத்தைச் சொல்லாததால் வியாழன், வெள்ளி, சனி மூன்றும் தொலைந்தன. நான் மச்சாளைத் திட்டித் திட்டியே வந்திருக்கிறேன், திட்டு வாங்க வேண்டியவர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.

அப்போது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, அது என் உடம்பு படுக்கும் நேரம். படுக்கவில்லை. வீம்புக்கு நடந்தேன். மேற்குக் குன்றில் ஏறினோம், கோட்டை இடிபாட்டுக்குப் பக்கத்தில் புல்லில் இருந்து நண்டை ஆறியபடியே கையால் உடைத்துச் சாப்பிட்டோம். இவர் மகளைப் பற்றிக் கதைத்தார். களஞ்சியத்தில் புது மேற்பார்வையாளன் படுத்துகிற பாட்டைச் சொன்னார். இந்த வருடம் தொடங்கியதிலிருந்து முதுகு நோகிறதாம். எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்குத் தெரியாது. அன்றைக்கு ஒன்பது மணிக்கே இரண்டு பேரும் படுத்துவிட்டோம்.

போகப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். செப்டம்பர் நல்ல மாதம், ஒரு மழைச் சட்டை கொண்டுபோங்கள். கல்லுக் கடற்கரைக்கு மெல்லிய செருப்புச் சரிவராது. அறையைப் பழைய நகரத்துக்குள்ளேயே எடுங்கள். நாலு இரவுக்குக் குறைய வேண்டாம், இரவு வேலை செய்கிறவர் என்றால் கட்டாயம் வேண்டாம். லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் ஒளிக்கத் தேவையில்லை, தொலைபேசி எடுத்து ஏன் போகிறீர்கள் என்று நேரே சொல்லுங்கள். வெட்கமாக இருந்தாலும் டிக்கெட் வாங்க முதல் சொல்லுங்கள்.

திங்கள் காலை ஆறு மணிக்கு நான் கண் விழித்தேன். திரும்பிப் பார்த்தால் இவரும் விழித்திருந்தார். யன்னலுக்கு வெளியே கடற்காகங்கள் கத்தின. "நித்திரை கொண்டனீரோ?" என்று கேட்டார். "ஓம், விடிய விடிய" என்றேன். "நானும்" என்றார். ஒருவரும் எழும்பவில்லை. இதற்காகத்தான் நான் நாலு நாள் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் எழும்பிப் பெட்டி கட்டத் தொடங்கினோம், எட்டரைக்கு ரயில்.